இறங்கி வந்த மேய்ப்பர் புனித அருளானந்தர்



வேங்கிக்காலில் குடியிருக்கும் நமக்குக் காவி உடை புதிதல்ல. அண்ணாமலையைச் சுற்றி வரும் பாதையில் நாள்தோறும் அதைப் பார்க்கிறோம். அந்த உடையில் ஒருவர் எதிரே வந்தால் அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று நாம் விசாரிப்பதில்லை. எதையோ விட்டுவிட்டு வந்தவர் என்று மட்டும் மனம் எடுத்துக்கொள்கிறது. மதம் எதுவானாலும் துறவுக்கு நம் மண் கொடுக்கும் மரியாதை அது.

நமக்குப் பழகிப்போன இன்னொரு காட்சியும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிய மனுவை மடித்துப் பிடித்துக்கொண்டு மக்கள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் கண்ணெல்லாம் ஒரே கதவின்மேல் இருக்கும். உள்ளே இருப்பவர் தங்களை நிமிர்ந்து பார்ப்பாரா என்பதே அவர்களுடைய கவலை.

ஒரு பக்கம் எல்லாவற்றையும் விட்டவர். மறுபக்கம் பொறுப்பும் அதிகாரமும் கையில் உள்ளவர். இந்த இரண்டும் ஒரே மனிதரில் சேருமா? பெரிய வியாழன் இரவில் நம் ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதத்தருகே குனிந்தபோது, சேர வேண்டும் என்றுதான் காட்டினார். அவர் குருவாகவும் ஆண்டவராகவும் இருந்துகொண்டே குனிந்தார். அதைத் தமிழ் மண்ணில் வாழ்ந்து காட்டிய ஒருவரை இந்த வாரம் நினைத்துப் பார்ப்போம். அவர் புனித அருளானந்தர்.

ஓரியூர் என்றதும் நமக்கு அவர் நினைவு வரும். சிவந்த மணலும் வெட்டுண்ட தலையும் நினைவு வரும். அவர் இறந்த விதத்தைப் பேசும் அளவுக்கு வாழ்ந்த விதத்தை நம் மேடைகளில் பேசுவதில்லை. இறப்பு ஒரு நாளில் முடிந்தது. அதற்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவருக்கு உயர்ந்த நாற்காலிகள் மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து, கீழே இறங்கி, நடந்து போனார். நம் சிந்தனைக்கு உரியது அந்த நடை.

அரண்மனைப் பிள்ளை

1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை சால்வதோர் தெ பிரிட்டோ பெரைரா பிரேசிலில் ரியோ நகரத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். அங்கேயே இறந்தும்போனார். பிள்ளை அப்போது மிகச் சிறியவன். தாய் பெயாட்ரிஸ் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். உயர்குடி என்பதால் சிறுவன் ஜான் அரண்மனைக்குப் போய், இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தான். அந்த இளவரசர்தான் பின்னாளில் மன்னர் இரண்டாம் பேதுரு ஆனார். சிறுவயதில் கூட விளையாடியவரே நாட்டுக்கு அரசர் என்றால், அப்படிப்பட்டவர் எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கலாம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இடையில் சிறுவனுக்குக் கடும் நோய் வந்தது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், தாய் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தால் இயேசு சபைத் துறவியரின் அங்கியை ஓராண்டு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காவி கட்டுகிறோமே, அதுபோலத்தான். பிள்ளை பிழைத்தது. ஓராண்டு முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு அங்கியோடு அரண்மனையில் நடமாடியது. ஓராண்டுக்குப் பிறகு அங்கியைக் கழற்றினார்கள். ஆசையைக் கழற்ற முடியவில்லை.

1662 டிசம்பர் 17 அன்று, பதினைந்தாம் வயதில், ஜான் இயேசு சபை நவசந்நியாசத்தில் சேர்ந்தார். அரண்மனை வாசலை விட்டு அவர் இறங்கிய முதல் படி அது.

தாயின் கண்ணீர்

சபையிலும் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. படிப்பில் கெட்டிக்காரர், கற்பிக்கவும் தொடங்கிவிட்டார். கல்லூரிப் பேராசிரியராக, சபையின் பெரிய பொறுப்பாளராக உயரும் வழி நேராகத் திறந்திருந்தது. அவரோ 1668-ல் உரோமையிலிருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, இந்தியாவுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். 1673-ன் தொடக்கத்தில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த மாதமே கப்பல்.

இங்கேதான் தாய் குறுக்கே வந்தார். நேர்ந்துகொண்ட அதே தாய்! கணவரைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்தவர், மகனையும் கடலுக்கு அப்பால் அனுப்ப மனம் வராமல் தவித்தார். திருத்தந்தையின் தூதுவர் வரை போய், மகனைத் தடுத்து நிறுத்தும்படி மன்றாடினார். புனிதரின் வரலாற்றை எழுதும் சிலர் இந்த இடத்தில் தாயை ஒரு தடைக்கல்லாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. இறையழைத்தல் என்பது அழைக்கப்பட்டவருக்கு மட்டும் வருவதில்லை. அவரைப் பெற்றவர்களின் கதவையும் அது தட்டுகிறது. மகன் ஒரே நாளில் சொல்லிவிடும் ஆம் என்ற சொல்லைத் தாய் சொல்லி முடிக்க ஆண்டுகள் ஆகலாம்.

1964 முதல் ஆண்டுதோறும் நல்லாயன் ஞாயிறன்று உலகத் திருச்சபை இறையழைத்தலுக்காகச் செபிக்கிறது. நம் பங்குகளிலும் அந்த மன்றாட்டை உரக்கச் சொல்கிறோம். வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரு பிள்ளை என்று ஆகிவிட்ட இக்காலத்தில், அறுவடைக்கு ஆள்களை அனுப்பும் என்று செபிக்கும்போதே, என் வீட்டிலிருந்து வேண்டாம், பக்கத்து வீட்டிலிருந்து அனுப்பும் என்று மனதின் ஓரத்தில் சேர்த்துக்கொள்கிற பெற்றோர் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பெயாட்ரிஸ் அம்மையாரின் கண்ணீரைத் தெரிந்தவர்கள் அப்படிக் கடிந்துகொள்ள மாட்டார்கள். ஆயினும் அந்த அம்மையாரின் கதை அந்தக் கண்ணீரோடு முடியவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

மகன் கப்பலேறினார். 1673 மார்ச்சில் புறப்பட்ட கப்பல் செப்டம்பரில் கோவாவை அடைந்தது. அங்கேயும் அவரைப் பேராசிரியராக வைத்துக்கொள்ள விரும்பினார்கள். மறுத்துவிட்டார். கேரளத்து அம்பழக்காடு வழியாக மலைத்தொடரைக் கடந்து, 1674-ன் நடுவில் கால்நடையாகத் தமிழகம் வந்து சேர்ந்தார்.

காவியும் பண்டாரமும்

அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை மிஷன். பெயர்தான் மதுரை, அதன் எல்லையோ மதுரைக்கு வடக்கே தஞ்சை, செஞ்சி வரை நீண்டிருந்தது. அவர் முதலில் பணியாற்றியது செஞ்சி, தஞ்சை நாடுகளின் எல்லைப்புறத்தில். செஞ்சி நமக்கு எவ்வளவு தூரம்? பேருந்தில் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டர். எனவே அவர் நமக்கு எங்கோ தெற்கே வாழ்ந்த புனிதர் அல்லர். ஒருவகையில் அண்டை வீட்டுக்காரர்.

அன்று இந்தப் பகுதி நிம்மதியாக இல்லை. பிஜப்பூர் சுல்தானின் ஆட்சியிலிருந்த செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜியின் படை கைப்பற்றியது. தஞ்சையில் அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னரே நாயக்கர் ஆட்சி போய் மராட்டியர் ஆட்சி வந்திருந்தது. படை போகிற வழியெல்லாம் வயல் அழியும்; வயல் அழிந்தால் பஞ்சம் வரும். ஏழைகள் ஊர்விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் அவர்களோடு நடந்துகொண்டிருந்தார்.

எந்தக் கோலத்தில் நடந்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், உயர்சாதியினர் நெருங்கும் வகையில் பிராமண சந்நியாசியின் வாழ்க்கை முறையைத் தேர்ந்துகொண்டார். அது பெரிய துணிச்சல், ஆழ்ந்த அறிவு. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பிராமண சந்நியாசி தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிக்குள் போக முடியாது. போனால் மற்றவர்கள் அவரிடம் வரமாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியாக, 1640-ல் பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டாரசாமி என்ற கோலத்தை ஏற்றார். பண்டாரம் என்பவர் பிராமணர் அல்லாத சைவத் துறவி. எல்லாச் சாதியினரோடும் பழக அவருக்குத் தடை குறைவு.

அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, பண்டாரசாமி ஆனார். காவி உடை, தலைப்பாகை, கையில் ஒரு கோல். சோறு, காய்கறி, பால். அதுவும் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளை. இறைச்சி, மீன், முட்டை, திராட்சை இரசம் எதுவும் இல்லை. படுக்கை தரையில். யோவான் என்ற பெயருக்கு ஆண்டவரின் அருள் என்ற பொருள் உண்டு. அதையொட்டித் தமிழில் அருளானந்தர் ஆனார்.

உயர்ந்த கோலம் ஒன்று, அதைவிடத் தாழ்ந்த கோலம் ஒன்று என்று இரண்டும் இருந்தபோது அவர் தாழ்ந்ததை எடுத்தார். தியாகம் செய்து காட்டுவதற்காக அல்ல. அந்தக் கோலத்தில்தான் அதிகம் பேரிடம் போக முடியும் என்பதற்காக. ஏழை வீட்டுப் பிணியாளி ஒருவர் நள்ளிரவில் குருவைக் கேட்டால் போகக்கூடிய உடை எதுவோ அதுவே குருவுக்கு ஏற்ற உடை என்பது அவருடைய கணக்கு. தலைமைக்கு இதைவிட எளிய அளவுகோல் இருக்குமா?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதிக்கு ஒரு குரு, சாதிக்கு ஒரு கோலம் என்ற அந்த ஏற்பாடு சாதியை அசைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அக்காலத்து நெருக்கடி நமக்குப் புரிகிறது. அந்த ஏற்பாட்டின் நிழல் இன்றும் தமிழகத்தின் சில ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் விழுந்து கிடப்பதும் புரிகிறது. அருளானந்தர் தமக்குக் கிடைத்த அமைப்புக்குள், கீழே இருந்தவர்களின் பக்கம் சாய்ந்து நின்றார். அந்த அமைப்பை உடைப்பது அவருக்குப் பின்வந்தவர்களின் வேலை. அது நம் காலத்திலும் முடியவில்லை.

தலைவர் போன இடம்

பத்தாண்டுகளுக்கு மேல் இப்படி உழைத்த பிறகு, மதுரை மிஷன் முழுவதற்கும் அவரைத் தலைவராக நியமித்தார்கள். அது 1680-களின் நடுப்பகுதி. தலைவர் என்றால் ஓரிடத்தில் இருந்துகொண்டு, கடிதம் எழுதி, ஆள்களை அனுப்பி நிர்வாகம் செய்யலாம். அதில் தவறு எதுவும் இல்லை. அவருடைய பொறுப்பில் மறவர் நாடு என்ற ஒரு பகுதி இருந்தது. இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே குருக்களுக்குப் பகை. கிறிஸ்தவர்கள் பல ஆண்டுகளாக மேய்ப்பரின்றிச் சிதறிக் கிடந்தார்கள். யாரை அனுப்புவது என்று தலைவர் யோசித்திருப்பார். 1686-ல் தாமே போனார்.

நம் சபைகளிலும் சங்கங்களிலும் கடினமான வேலைக்கு யாரை அனுப்புகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு செய்தியின் கனம் தெரியும். மேடையில் மாலை வாங்கத் தலைவர் போவார். தூரத்துக் கிராமத்தில் சண்டை என்றால் இளையவரை அனுப்புவார். தேர்த் திருவிழா அழைப்பிதழில் பெயர் எந்த வரியில் வருகிறது என்பதற்காகப் பங்குப்பேரவையில் இரவு பதினொரு மணிவரை விவாதம் நடப்பதெல்லாம் ஊரறிந்த கதை.

மறவர் நாட்டில் அவர் இருந்தது சில வாரங்கள்தான். காடுகளில் தங்கி, பெரும்பாலும் இரவில் மக்களைச் சந்தித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் குறுகிய காலத்தில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஜூலை மாதத்தில், தம்மோடு இருந்த உபதேசியார்களோடு பிடிபட்டார். அடித்தார்கள்; கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள்; கூரான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். அவருக்கு என்ன நடந்ததோ அதுவே அவரோடு இருந்தவர்களுக்கும் நடந்தது. குரு மட்டும் வெள்ளைக்காரர் என்று தப்பவில்லை. உபதேசியார்கள் மட்டும் உள்ளூர்க்காரர்கள் என்று தப்பவில்லை. மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இறுதியில் மன்னர் இரகுநாத கிழவன் சேதுபதி அவரை வரவழைத்து, அவர் போதிப்பது என்ன என்று கேட்டறிந்தார். இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு விடுதலை செய்தார்.

மீண்டும் லிஸ்பன், மீண்டும் கடல்

தழும்புகள் ஆறுவதற்குள் வேறொரு கட்டளை வந்தது. மிஷனின் நிலையை எடுத்துச் சொல்ல அவர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும் என்று சபை தீர்மானித்தது. 1687 செப்டம்பரில் லிஸ்பனை அடைந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் போன அரண்மனைப் பிள்ளை, வெயிலில் கறுத்து, உடல் வற்றி வந்து நின்றது. இப்போது அரியணையில் இருந்தவர் பழைய விளையாட்டுத் தோழர். நகரமே அவரைப் பார்க்கத் திரண்டது. அவரோ லிஸ்பனிலும் தமிழ்நாட்டுச் சாப்பாட்டையே தொடர்ந்தார். இறைச்சியைத் தொடவில்லை, தரையில்தான் படுத்தார். அங்கே யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே, ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். திரும்பிப் போகிறவனுக்கு உடம்பு பழக்கத்தை மறந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

மன்னர் அவரை விடுவதாக இல்லை. தம் மகனுக்கு, அதாவது நாட்டின் வாரிசுக்கு, ஆசிரியராக அரண்மனையிலேயே இருக்கும்படி விரும்பினார். திருத்தந்தையின் தூதுவரும் அவரை ஐரோப்பாவில் நிறுத்தி வைக்கவே முயன்றார். இதைவிட உயர்ந்த நாற்காலி அவர் வாழ்நாளில் நீட்டப்படவில்லை. சோதனை எப்போதும் தீமையின் உருவில் வருவதில்லை, கவனியுங்கள். ஓர் அரசரை உருவாக்கும் பொறுப்பு நல்ல பொறுப்புதானே! ஒரு கிறிஸ்தவ நாட்டின் எதிர்காலத்தையே திருத்தலாமே! அங்கிருந்துகொண்டே இந்திய மிஷனுக்கு எவ்வளவோ உதவி அனுப்பலாமே! இப்படி எத்தனையோ நல்ல காரணங்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறவர் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதையே எண்ணினார். லிஸ்பனில் ஆசிரியர்களுக்குப் பஞ்சம் இல்லை.

தாய் இன்னும் உயிரோடிருந்தார். 1690-ல் மகன் இரண்டாம் முறை கப்பலேறினார். இந்த முறை இருவருக்குமே தெரிந்திருக்கும், இனிச் சந்திப்பு இல்லை என்று.

உபதேசியார் திறந்த கதவு

1691-ல் மறுபடியும் மறவர் நாடு. தடை ஆணை அப்படியேதான் இருந்தது. இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தடியத்தேவர் என்பவர் இராமநாதபுரம் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அரியணைக்கே உரிமை கோரக்கூடியவர். அவர் தீராத நோயில் விழுந்தார். எந்த வைத்தியமும் பலிக்காமல் அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் உடனே போகவில்லை. அவர் அனுப்பியது ஓர் உபதேசியாரை. அந்த உபதேசியார் நோயாளியின் அருகில் அமர்ந்து நற்செய்திப் பகுதியை வாசித்துச் செபித்தார். தடியத்தேவர் குணமடைந்தார். மறவர் நாட்டு வரலாற்றையே திருப்பிய அந்தப் புதுமை குருவின் கையால் நடக்கவில்லை. ஒரு பொதுநிலையினரின் வாயால் நடந்தது.

நம் பகுதியின் கிராமங்களில் விசுவாசம் எப்படி வேரூன்றியது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை வந்துபோன சாமியாரைப் பற்றிச் சொல்வார்கள். உடனே, சாமியார் இல்லாத ஞாயிறுகளில் கோயில் மணி அடித்து, ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, சாவுக்குச் செபம் சொன்ன உபதேசியாரைப் பற்றியும் சொல்வார்கள். இறையழைத்தல் என்றாலே குருமடமும் கன்னியர் மடமும்தான் என்று நினைத்துக்கொண்டால், தடியத்தேவரின் கட்டிலருகே நற்செய்தி வாசித்தவரை நாம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவோம். தம்மை முன்னிறுத்தாமல் அவரை அனுப்பியதும் அருளானந்தரின் தலைமைப் பண்பில் சேர்ந்ததுதான்.

1693 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, ஓரியூருக்கு அருகில் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றார். அதற்கு முன் ஒரு நிபந்தனை இருந்தது. அவருக்கு மனைவியர் ஐவர். கிறிஸ்தவ வாழ்வுக்கு ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டு, மற்ற நால்வருக்கும் வாழ்க்கைக்கு வழி செய்து பிரிந்தார். அந்த நால்வரில் இளையவர் கடலாயி. சேதுபதி மன்னரின் உறவுப் பெண். தம் சிறிய தந்தையிடம் போய் முறையிட்டார். நாம் கதை கேட்கும்போது கடலாயியை வில்லியாக வைத்துவிடுவது எளிது. நாடகங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஒரே நாளில் கணவர் இல்லை என்று ஆன ஓர் இளம்பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தால் அவருடைய கோபம் நமக்குப் புரியாமல் போகாது. அருளானந்தர் தம் கடமையைச் செய்தார். அந்தக் கடமைக்கு வேறு சிலரும் விலை கொடுத்தார்கள். இரண்டும் உண்மை.

மன்னருக்கோ இது குடும்பப் பிரச்சினை மட்டும் அல்ல. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர், தடை செய்யப்பட்ட ஒரு குருவின் சீடராகிவிட்டார். அவர் பின்னால் எத்தனை பேர் போவார்களோ என்ற அச்சம் வந்தது. இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, அருளானந்தர் கைதானார்.

ஓரியூர்

அவரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைநகரிலேயே கொன்றால் தடியத்தேவரின் ஆள்கள் கிளர்ந்தெழுவார்கள் என்பதால், ஓரியூரில் இருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் மன்னர் அவரை அனுப்பிவைத்தார். நாடு கடத்துவதாக வெளியில் பேச்சு. கொன்றுவிடும்படி இரகசிய ஆணை.

பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து தம் சகோதரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். தமக்காக யாரும் முயற்சி செய்து மன்னரின் கோபத்தைக் கிறிஸ்தவர்கள்மேல் திருப்பிவிடக் கூடாது என்ற அக்கறை அவரிடம் கடைசிவரை இருந்தது. தாம் செய்த குற்றம் நற்செய்தியைப் போதித்தது ஒன்றுதான் என்பதில் அவருக்கு மனநிறைவு. மறுநாள், 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். வெட்டுமிடத்துக்கு அவர் வேகமாக நடந்தார் என்று சொல்வார்கள். முழந்தாளிட்டுச் செபித்தார். எழுந்து, வெட்ட வந்தவரை அணைத்துக்கொண்டு, ஆயத்தம் என்று தெரிவித்தார். தலை துண்டிக்கப்பட்டது. உடலை ஒரு கம்பத்தில் கட்டிவைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் நாற்பத்தாறு வயது நிறைந்திருக்கும்.

1853-ல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்தார். நம் நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்! அந்நிய ஆட்சியாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்நிய நாட்டில் பிறந்து இந்த மண்ணோடு மண்ணான ஒருவரைத் திருச்சபை பீடத்தில் வைத்தது. இன்று ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் சிவந்த மணலில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

தாயின் கதை பாக்கி இருக்கிறது. ஓரியூரில் நடந்தது கடல் கடந்து லிஸ்பனுக்குத் தெரிய மாதங்கள் ஆயின. மன்னர் இரண்டாம் பேதுரு நன்றித் திருவழிபாடு நடத்தச் செய்து, பெயாட்ரிஸ் அம்மையாரை அரண்மனைக்கு அழைத்தார். கணவரைப் பிரேசிலில் இழந்து, மகனைப் போக விடாமல் இருபது ஆண்டுகளுக்கு முன் அலைந்த அந்த முதியவள், கறுப்பு உடையில் அழுதுகொண்டு வருவாள் என்று அரண்மனை எதிர்பார்த்தது. அவர் திருநாள் உடை உடுத்தி வந்தார்.